மல்லிகா சரி சொன்ன பில்ஸ்னர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் பாதியில் முகம் சுளிக்க வேண்டாம். நான் பீர் குடிப்பேன். ஐம்பது தாண்டியவள், கோயமுத்தூர் கணபதியில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி அமெரிக்காவில் போர்ட்லாந்து பக்கம் வந்து குடியேறியவள், பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடுகிறவள், கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அம்மா. இத்தனையும் இருந்துகொண்டு வியாழக்கிழமை சாயங்காலமானால் பீர் குடிக்கிறவள்.

ஏன் வியாழக்கிழமை என்றால், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ப்ரூவரி இருக்கிறது. பீரைத் தாங்களே காய்ச்சி, அங்கேயே மேசை போட்டு ஊற்றிக் கொடுக்கிற கடை. இந்த ஊரில் அப்படித் தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் கடையில் புது பீர் இறங்குவது வியாழக்கிழமை. கரும்பலகையில் சாக்பீஸால் பெயர் எழுதுவார்கள். ஒன்றில் பம்பளிமாஸ் தோல் வாசனை வரும், ஒன்று தீய்ந்த காபிபோல் இருக்கும், ஒன்று மோர் புளித்த மாதிரி பல்லைக் கூச வைக்கும். சின்னக் கிளாஸில் ஒவ்வொன்றாக வாங்கி, மோந்து பார்த்து, கொஞ்சம் நாக்கில் வைத்து, பக்கத்து மேசைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். செப்டம்பரில், பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஹாப்ஸ் பூ அறுவடை நடக்கும்போது பச்சை ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சிய பீருக்கென்றே விழா நடத்துவார்கள், அதற்கும் போவேன். என் வீட்டுக்காரர் ரவி ஒரு சொட்டு தொட மாட்டார், அல்சர். சோடாவும் வேர்க்கடலையும் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்து காரை ஓட்டிக்கொண்டு வருவார். இதில் யாருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த வியாழக்கிழமை பலகையில் ஒரு பழைய பெயர் திரும்ப வந்திருந்தது. போன வருடம் இதே நேரத்தில் வந்த பில்ஸ்னர். அந்தப் பீரைக் காரணம் காட்டித்தான் என் ஒரே தம்பியின் கல்யாணத்தில் அக்காள் நிற்க வேண்டிய இணைச்சீரில் எனக்கு இடம் கிடையாது என்றார்கள். வருடம் ஒன்று ஓடிவிட்டது, எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

பில்ஸ்னர் வெளுத்த மஞ்சளில், அடி வரைக்கும் தெளிவாகத் தெரிகிற பீர். பழ வாசனை, காபி வாசனை எதையும் போட்டு அதில் குறையை மறைக்க முடியாது. தண்ணீர் சரியில்லை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

கடைக்காரி மார்னி ரப்பர் பூட்ஸோடு சுற்றுகிற பெண், பீர் காய்ச்சுவது அவள்தான். போன வருடம் வெளியிடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வாய் குடித்தேன். "தண்ணீர் மாறியிருக்கிறது" என்றேன். சிரித்தாள். இந்த ஊர்த் தண்ணீர் மலைக்காட்டு ஏரியிலிருந்து வருவது, மழைத் தண்ணீர், அது மாறவே மாறாது என்றாள். "போர் தண்ணீர் கலந்திருக்கிறது, வேண்டுமென்றால் விசாரித்துப் பார்" என்றேன்.

விசாரித்தாள். நகரத் தண்ணீர் அலுவலகத்துக்கு போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, இது எங்கள் பிரிவு இல்லை, அந்தப் பிரிவுக்கு மாற்றுகிறேன் என்று ஒரு மதியம் முழுக்க அலைக்கழித்தார்கள். நம்மூரில் இன்ஜினியர் சைட்டுக்குப் போயிருக்கிறார் என்பார்கள், இங்கே பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறார்கள். வேறு வித்தியாசம் இல்லை. கடைசியில் ஒரு புண்ணியவான் சொன்னான்: மலையில் புயல் மழை, ஏரி கலங்கிவிட்டது, அந்த வாரம் மட்டும் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து விட்டோம் என்று. மார்னி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கோயமுத்தூர்க்காரர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டீர்கள். நம் வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய். குழந்தைகூடக் கை நனைத்ததும் எது எதுவென்று சொல்லும். அதிலும் நல்ல தண்ணியில் ஜாதி பிரிக்கிற ஊர் அது. எங்கள் கணபதிக்குப் பில்லூர்த் தண்ணி. வடவள்ளியில் இருக்கிற என் பெரியப்பா வீட்டுக்குச் சிறுவாணி. என்னமோ அவரே மலையேறிப் போய்ச் சுமந்துகொண்டு வந்த மாதிரி பேசுவார். லீவுக்குப் போனால் எங்கள் கண்ணைத் துண்டால் கட்டி இரண்டு டம்ளர் தண்ணி கொடுப்பார். "எது உங்கூட்டுது, எது எங்கூட்டுது, சொல்லுங்க பாக்கலாம்." மற்ற பிள்ளைகள் எல்லாம் உளறுவார்கள், நான் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. "தம்பி, உன்ற புள்ளைக்கு நாக்கு சுத்தம்டா" என்று எங்கப்பாவிடம் சொல்வார். ஒரு தேன்மிட்டாயும் கிடைக்கும்.

மார்னி அந்தப் பீர் முழுவதையும் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் வந்த பிறகு புதிதாகக் காய்ச்சினாள். இந்த முறை குடித்துப் பார்த்துச் சரி என்றேன். வெளியிட்ட அன்று பலகையில் "மல்லிகா சரி சொன்ன பில்ஸ்னர்" என்று பெரிய எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே என்னை நிற்க வைத்து, கையில் கிளாஸைக் கொடுத்துப் படம் எடுத்தாள். அன்றைக்கு ஆபீசில் ஒரு அம்மாவுக்கு ஓய்வுபெறும் விருந்து, அதனால் கோரா காட்டன் சேலை கட்டியிருந்தேன். பலகையில் என் பெயர் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, பள்ளிக்கூடத்தில் பேசினவர்கள் என்று லீடர் எழுதியதைச் சேர்க்காமல். படத்தில் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். நல்ல படம்.

3

அந்தப் படத்தைக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். போட்டால் உலகமே பார்க்கும். எங்கள் தமிழ்ச் சொந்தங்களும் பார்த்தார்கள்.

இந்தச் சொந்தங்களின் வண்டவாளத்தையும் கொஞ்சம் கேளுங்கள். இங்கே பொங்கல் விழாவுக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுப்போம். உள்ளே மது கூடாது. மேடையில் பிள்ளைகள் கும்மி அடிக்கும், பெண்கள் கியூவில் நின்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்போம். ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக "கார்ல ஒரு சாமான் இருக்குதுங்க, எடுத்துட்டு வாரேன்" என்று வெளியே போவார்கள். போய்ப் பார்த்தால் பார்க்கிங்கில் வரிசையாக நாலு காரின் டிக்கி திறந்திருக்கும். டிக்கிக்குள் பாட்டில், பேப்பர் கப், மிக்சர், வாய் நாறாமல் இருக்க ஏலக்காய். குளிரில் நடுங்கிக்கொண்டே, எந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, மடக்கு மடக்கென்று குடிப்பார்கள். ருசி தெரியுமா? மண்ணாங்கட்டி. பிறகு உள்ளே வந்து, தமிழ்ப் பண்பாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று மைக் பிடித்துப் பேசுவார்கள். நான் சாம்பார்க் கரண்டியும் கையுமாக நின்று அதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த டிக்கிக் கூட்டத்தில் ஒருவர்தான் என் படத்தை ஊருக்கு அனுப்பினார். பெயர் வேண்டாம், அவர் பெண்டாட்டி நல்லவள். "நம்ம மல்லிகா அக்காங்களா இது?" என்று கேட்டு, கூடவே கும்பிடுகிற கை பொம்மை ஒன்று. இரண்டு நாளில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. தினமும் விடிந்தால் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறவர்கள்கூட அன்றைக்குச் சொல்லவில்லை.

4

என் தம்பி பிரபுவுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அவனுக்குத் தலை வாரி, டிபன் கட்டி, சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் நான். அப்பாவும் போன பிறகு கணபதியில் எங்கள் லேத் பட்டறையை அவன்தான் நடத்துகிறான், பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற தொழில். எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். கவர்மென்ட் வேலையா, தோட்டம் எத்தனை ஏக்கர், பையனுக்கு முடி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு இடமாகக் கைவிட்டுப் போனது. ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் செய்வான். "உடுக்கா, போச்சாது" என்று எனக்கு அவன் சமாதானம் சொல்வான். நாற்பதை நெருங்கும்போது சோமனூரில் ஒரு பெண் அமைந்தது. சௌந்தர்யா. விசைத்தறி வீட்டுப் பெண். நான் போர்ட்லாந்தில் உட்கார்ந்துகொண்டு அன்றைக்கே கேசரி கிண்டினேன்.

இணைச்சீர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் கூடப்பிறந்தவளுக்கும் செய்கிற சீர். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். இனிமேல் வேறொருத்தி வரப்போகிறாள், ஆனால் உனக்கு முதலில் துணை இவள்தான் என்று ஊர் முன்னால் சொல்கிற சீர். கூடப்பிறந்தவள் இல்லாதவர்களுக்குத்தான் சித்தப்பா மகளையோ பெரியப்பா மகளையோ நிறுத்துவார்கள்.

படம் போய்ச் சேர்ந்த வாரம் பெரியப்பா கூப்பிட்டார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்களூர்க்காரர்களுக்குக் கழுத்தை அறுக்கும்போதும் மரியாதை குறையாது.

"கண்ணு, நல்லா இருக்கறயா? மாப்பள நல்லா இருக்கறாருங்களா?"

"நல்லா இருக்கறோமுங்க பெரியப்பா."

"ஒண்ணுமில்ல அம்மணி. அந்த போட்டோவு எல்லாருத்துக்கும் போயிருச்சு. பொண்ணு ஊட்டுக்காரங்க நாளைக்கு ஒரு வார்த்த கேட்டா நமக்குச் சங்கட்டம். இத்தன வருசங் கழிச்சு அமஞ்ச எடம். அதனால இணைச்சீருக்கு நம்ம கவிதா நின்னுக்கட்டும். நீ சீர்த்தட்டு எடுத்துட்டு வந்தாப் போதும், என்ன கண்ணு?"

கவிதா என் சித்தப்பா மகள். "பிரபு என்ன சொல்றானுங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்துலதான் இருக்கறான். அவனுக்கென்ன, பெரியவங்க சொன்னாச் சரின்னுட்டான்."

போனில் தம்பி மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நானும் காத்திருந்து பார்த்தேன், பேசவே இல்லை.

அடுத்ததாகப் பெரியப்பா சொன்னதைத்தான் நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "அப்பறம் கண்ணு, வாரப்ப அந்த ஏர்போர்ட்டுக் கடையில நல்ல சரக்கா ரெண்டு பாட்டலு வாங்கிட்டு வந்துரு. நம்மாளுங்க எல்லாம் வருவாங்கல்ல, முன்னாடி நாளு வேணும்."

என்ன தைரியம் பாருங்கள். பெண்பிள்ளை கையில் ஒரு கிளாஸ் பீர் இருந்தால் குடும்ப மானம் போய்விடும். அதே பெண்பிள்ளை இரண்டு பாட்டில் விஸ்கியை விமானத்தில் சுமந்துகொண்டு வந்து ஆம்பளைகளுக்குக் கொடுத்தால் மானம் இருந்த இடத்திலேயே இருக்கும். "சரிங்க பெரியப்பா" என்று சொல்லிப் போனை வைத்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, பழக்க தோஷம்.

அன்று சாயங்காலம் பிரபுவிடமிருந்து ஒரு செய்தி. "அக்கா, கோவிச்சுக்காத. அந்த போட்டோவுல கிளாஸ எடிட் பண்ணி ஜூஸ் ஆக்கிரலாமா? பெரியப்பாகிட்ட அப்பிடிச் சொல்லிப் பாக்கறேன்." நான் பதில் போடவில்லை. என் நாக்குக்காக ஒரு கடைக்காரி ஒரு அண்டா பீரையே கீழே கொட்டினாள். என் தம்பிக்கு அதை ஜூஸ் என்று சொன்னால் போதும்.

மகள் நிலா போனில் பேசும்போது அழுதுவிட்டேன். அவள் வேறு மாகாணத்தில் படிக்கிறாள், மாதத்துக்கு ஒரு தடவை பேசினால் பெரிய விஷயம். "அவங்க உன்ன வேண்டாம்னா நீ ஏம்மா போறே? டிக்கெட்ட கேன்சல் பண்ணு" என்றாள், பாதி இங்கிலீஷில். "அவன் என்ற தம்பிடி" என்றேன். "ஸோ?" என்றாள். ஒரு புடவையின் முனையைப் பிடிக்க முடியவில்லை என்பதற்கு ஒரு பொம்பளை ஏன் அழ வேண்டும் என்று அவளுக்கு விளக்க எனக்கு இங்கிலீஷ் வரவில்லை, நான் சொல்கிற தமிழ் அவளுக்கு எட்டவில்லை. இந்தத் தூரத்துக்கு யாரைக் குறை சொல்வது என்றும் தெரியவில்லை. காலேஜில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

5

ஆவணியில் கல்யாணம். இங்கே பச்சை ஹாப்ஸ் சீசன் தொடங்குகிற சமயம். அதை விட்டுவிட்டுப் போனேன். ரவிக்கு லீவு கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் விமானம் மாறும்போது இரண்டு பாட்டிலும் வாங்கினேன். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் பையைப் பார்த்தார். "சாருக்குங்களா மேடம்?" என்றார். "பெரியப்பாவுக்குங்க" என்றேன். "அப்டீங்களா, போங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார். எனக்குத்தான் என்று சொல்லியிருந்தால் அவர் முகம் எப்படிப் போயிருக்கும் என்று டாக்சியில் ஏறின பிறகுதான் யோசித்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பாட்டில் வந்துவிட்டதா என்று பெரியப்பா ஆளனுப்பிக் கேட்டார். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். முன்னாடி நாள் அவர்கள் வேறு எங்கேயோ வாங்கிச் சமாளித்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்று யார் கண்ணிலும் படாமல் பையோடு கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக அதுதான் என் திட்டம்.

காலையில் மண்டபத்தில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். சௌந்தர்யாவின் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அமெரிக்காவுல இருக்கறது நீங்கதானுங்களே? உங்க போட்டோவு பாத்தனுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. "எந்த போட்டோவுங்க?"

"அதானுங்க, போர்டு கிட்ட நிக்கறீங்களே. அந்தச் சேல கோராங்களா? பார்டரு அத்தன நேரா உழுந்திருக்குது. சௌந்தர்யாகிட்டப் பெருசு பண்ணிப் பண்ணிக் காட்டச் சொன்னனுங்க. எங்க எடுத்தீங்க?"

தறிக்காரர் வீட்டு அம்மா. படத்தில் அவர் பார்த்தது துணியை. கிளாஸ் தெரியவில்லையா என்று கேட்க வாய் வந்தது, அதற்குள் அவரே சொன்னார். "பீரு கடையாமா? சௌந்தர்யா சொன்னா. எங்கூட்டுக்காரருதான் கேட்டாரு, அங்கெல்லாம் அத மேசையில வெச்சே குடிப்பாங்களான்னு." சிரித்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆக, பெண் வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று இவர்களாகவே பயந்து, என்னைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேராக அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

சீர்த்தட்டுகள் வரிசை கட்டின. தேங்காய், பழம், வெல்லம், மஞ்சள், பூ என்று ஆளுக்கொரு தட்டு. என் தட்டில் இரண்டு தேங்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும். நடுவில் இரண்டு பாட்டிலையும் நிறுத்தினேன். பாட்டில் கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றினேன், சந்தனம் குங்குமம் வைத்தேன், மேலே பட்டுத்துணியைப் போட்டு மூடினேன். நாதஸ்வரம் வாசிக்க, தட்டை ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனேன்.

மேடையில் பிரபு பட்டு வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். கையில் கூறைப்புடவையின் ஒரு முனை. மறுமுனை கவிதா கையில். சடங்கு செய்து வைக்கிற அருமைக்காரர் வெற்றிலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் தட்டை மேடையில் வைத்தார்கள். நான் பெரியப்பா முன்னால் போய் வைத்தேன். துணியை எடுத்தேன்.

"பெரியப்பா, நீங்க கேட்டு உட்டதுங்க. ரெண்டு பாட்டலுங்க. நல்ல சரக்குங்க."

நான் சத்தம் போட்டுப் பேசவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். மண்டபத்தின் பாதிக்குக் கேட்டிருக்கும். பின் வரிசையில் யாரோ ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்தாள். பெரியப்பா முகம் கறுத்துவிட்டது. "அம்மணி, என்ன இது?" என்றார்.

"பாட்டலுங்க. நான் குடிச்சா மானம் போயிருமுங்க. நான் தூக்கிட்டு வந்தா போகாதுங்களா? எனக்கு வெளங்கலீங்க, நீங்களே சொல்லுங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போதாவது ஒரு வார்த்தை, 'அக்கா நீ வா' என்று இரண்டு சொல், அதுகூட வேண்டாம், தலையை நிமிர்த்தி ஒரு பார்வை போதும் என்று நின்றேன். கூடப்பிறந்தவன் நிமிரவில்லை.

திடீரென்று கவிதா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். புடவை முனையை அப்படியே இழுத்துக்கொண்டு வந்தாள், அதனால் பிரபுவும் இரண்டு எட்டு முன்னால் வர வேண்டியதாயிற்று. என் கையில் முனையைத் திணித்தாள்.

"புடிங்கக்கா. எனக்கு எங்கண்ணனுக்கு நின்னதே போதும். இது உங்களுது."

பெரியப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அருமைக்காரர் வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நேரம் போகுதுங்க. யாரு நிக்கறதா இருந்தாலும் வெசையா வந்து நில்லுங்க" என்றார். போய் நின்றேன். கவிதா என் தட்டையும் தூக்கி வந்து எங்கள் காலடியில் வைத்தாள். சீர் நடந்தது. நான் பிரபுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முனையை எனக்குக் கொடுத்தது கவிதா, அவன் இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து போய்ப் பார்த்தேன். தட்டில் தேங்காயும் பழமும் இருந்தன. பாட்டில் இரண்டையும் காணோம். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு காரின் டிக்கி திறந்திருந்தது.

6

தை மாதம் கல்யாண ஆல்பம் வந்தது, போனில் பார்க்கிற மாதிரி. இணைச்சீர்ப் படம் நடுப்பக்கத்தில் பெரிதாக இருந்தது. நான், தம்பி, நடுவில் கூறைப்புடவை, காலடியில் சீர்த்தட்டு. தட்டில் பாட்டில் இருந்த இடத்தில் இரண்டு அன்னாசிப்பழம். மல்லிகைச் சரத்தோடு, சந்தனக் குங்குமத்தோடு, இரண்டு அன்னாசிப்பழம். ஸ்டுடியோக்காரன் கைவேலை. குடும்பக் குழுவில் எல்லோரும் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள்.

பிரபுவுக்கு எழுதினேன்: "பாட்டில எடுத்த கையோட என்னையும் எடுத்துப்போடு. அந்த எடத்துல ஒரு பலாப்பழத்த வெச்சுக்கோ." படித்துவிட்டான், நீலக்குறி விழுந்தது. பதில் வரவில்லை. மாதக்கணக்காக வரவில்லை. சௌந்தர்யா மட்டும் அவ்வப்போது "எப்படி இருக்கறீங்க அண்ணி?" என்று கேட்பாள். நன்றாக இருக்கிறேன் என்று எழுதுவேன்.

இந்த வியாழக்கிழமை பலகைக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் பில்ஸ்னரை வாங்கி முதல் வாய் வைத்தேன். போன் அடித்தது. பிரபு. வீடியோ. முன்பெல்லாம் ஊரிலிருந்து வீடியோ வந்தால் கிளாஸை மேசைக்கு அடியில் வைப்பேன். கை தானாகப் போனது. சே என்று எடுத்து நடு மேசையில், என் முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

கணபதி வீட்டு முன்கூடம் தெரிந்தது. அங்கே வெள்ளிக்கிழமை காலை. பிரபு சோபாவில், பக்கத்தில் பெரியப்பா காபி டம்ளரோடு. வடவள்ளி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், அதுவரைக்கும் இங்கே இருக்கிறார் என்று சௌந்தர்யா எழுதியிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா" என்றான் பிரபு.

"சொல்லு."

"அந்த அன்னாசிப்பழம் நாஞ் சொல்லலக்கா. ஸ்டுடியோவுல அவனா போட்டுட்டான்."

"போட்டதப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"எடுன்னு சொன்னியா?"

"இல்லக்கா. சும்மா இருந்துட்டேன்."

"அதத்தான் பொழப்பா வெச்சிருக்கறே நீயி. போன்ல சும்மா இருந்தே, மேடையில சும்மா இருந்தே. சும்மா இருக்கறவனுக்கு எதுக்குடா ஒரு அக்கா?"

பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். ரவி வேர்க்கடலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். போனை வைத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"அக்கா, வெச்சராத. சித்தெ இரு." ஒருமுறை பெரியப்பா பக்கம் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தவில்லை. "அது என்ன பீரு? நீ சரி சொன்னதா? எப்பிடி இருக்கும், சொல்லு."

இத்தனை வருடத்தில் என் வீட்டில் ஒருத்தர்கூட என்னை இதைக் கேட்டதில்லை. எங்கே குடித்தாய், ஏன் குடித்தாய், யாராவது பார்த்தார்களா என்று கேட்பார்கள். எப்படி இருக்கும் என்று இவன்தான் முதலில் கேட்கிறான், அதுவும் பெரியப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், போகவில்லை. பெரியப்பா காதிலும் விழட்டும் என்று நானும் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"மொதல்ல தண்ணீரச் சொல்றேன் கேளு. இந்த ஊர்த் தண்ணீரு அப்பிடியே நம்ம சிறுவாணியாட்டவே இருக்கும்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் விருட்டென்று திரும்பினார். ஆவணிக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"அதெப்படி இருக்கும்? சிறுவாணியாட்ட ஒரு தண்ணியா?"

"நாக்கு சுத்தம்னு சொன்னது நீங்கதானுங்க பெரியப்பா. நம்பிக்க இல்லீன்னா பொறப்பட்டு வாங்க, கண்ணக் கட்டிட்டே குடுக்கறேன். டிக்கியில ஒளிஞ்சு நிக்க வேண்டாமுங்க. இங்க மேசை போட்டுத்தானுங்க குடுக்கறாங்க."

அவர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பில்லூர்த் தண்ணியில காப்பியே நல்லா இல்ல" என்று முனகினார். பிரபு சிரித்துவிட்டான். பெரியப்பா பக்கத்தில் இருக்கும்போது அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சொல்லுக்கா" என்றான். "தண்ணீரு சரி. அப்பறம்?"